பூக்காமலே விதைக்கும் மரங்கள்

தீவுக்காடு – 17

அந்தமானுக்குச் சுற்றுலா வந்து திரும்புகிறவர்களின் பைகளை விமான நிலையத்தில் துழாவுவார்கள். பவளத் துண்டோ பெரிய சங்கோ அகப்பட்டால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சவுக்குக் காயை யாரும் கண்டுகொள்வதில்லை. கடற்கரை மணலில் பிள்ளைகள் பொறுக்கிய அந்தக் காய்கள் சென்னைக்கும் மதுரைக்கும் போய், ‘பைன் மரத்துக் காய்’ என்ற பட்டத்தோடு ஷோகேஸில் உட்கார்ந்துவிடும்.

பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. செதில் செதிலாக, கட்டையாக, கையில் உருட்ட வாகாக. மேலே நிமிர்ந்தால் ஊசி ஊசியாக இலை. கொடைக்கானல் பைன் காட்டில் போட்டோ எடுத்துக்கொண்டவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் சவுக்கு பூக்கிற மரம். அதன் பெண் பூங்கொத்து சிவப்பு நூல் குஞ்சமாக, ஒரு விரற்கடைகூட இல்லாமல் கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் மிதந்து வரும் மகரந்தத்தை அந்த நூல்கள் பிடிக்கின்றன. கொத்து முற்றி இறுகினால் நாம் பொறுக்கும் காய். அதில் வாய் பிளந்து நிற்கும் ஒவ்வொரு அறையிலும் இருந்தது சிறகு வைத்த ஒற்றை விதைக் கனி. விதையைச் சூலகம் மூடியிருக்கிறது என்பதால் சவுக்கு நம் மாமரத்துக்கும் வேம்புக்கும்தான் சொந்தம், பைனுக்கு அல்ல. அந்த ஊசியும் இலை கிடையாது. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தால் கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், ஏழெட்டுப் பற்கள் வட்டமாக நிற்கும். அந்தப் பற்கள்தாம் இலை. ஊசி என்று நினைத்தது பச்சைக் குச்சி.

சவுக்கு இந்தத் தீவுகளின் சொந்த மரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலக் கரையில் அதை நட்டு வளர்த்தோம். இங்கே தானாக நிற்கிறது.

உண்மையான கூம்பு மரங்களின் சங்கதி வேறு. பூ கிடையாது. சூலகம் கிடையாது. ஆகவே கனி என்ற பேச்சுக்கும் இடமில்லை. சூல் ஒரு செதிலின் மேலோ, உருமாறிய ஓர் இலையின் விளிம்பிலோ திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கும். மகரந்தம் நேரே அதன் வாய்க்கே வந்து சேர வேண்டும். பள்ளிப் பாடத்தில் ‘ஜிம்னோஸ்பெர்ம்’ என்று நெட்டுரு போட்டோமே, அந்தக் கூட்டம். அந்தமான் நிக்கோபாரில் பூக்கும் தாவரங்கள் ஈராயிரம் இனங்களுக்கு மேல் இருக்க, இந்தப் பூக்காத கூட்டத்தில் இயற்கையாக இருப்பவை மூன்றே பேரினங்கள்: போடோகார்ப்பஸ், சைகஸ், நீட்டம் என்னும் கொடி. வேடிக்கை என்னவென்றால் மூன்றில் எதைக் கண்டாலும் ‘கூம்பு’ என்று சட்டென்று சொல்ல வராது. கூம்பு போலிருக்கும் சவுக்குக் காய் கூம்பு இல்லை. கூம்பு வழி வந்த விதை பழம் போலிருக்கிறது.

முதலில் போடோகார்ப்பஸ். பர்மாக்காரர்கள் இதைத் தித்மின் என்பார்கள். பைனுக்கு ஒன்றுவிட்ட உறவான இந்த மரத்துக்கு ஊசி இலை இல்லை. அரளி இலையைப் போல நீண்டு பளபளக்கும் இலை. மழைக்காட்டின் நூறு மரங்களுக்கு நடுவே நின்றால் வனக்காவலருக்கே அடையாளம் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்துக் கூம்பில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு செதிலும் பெரும்பாலும் ஒரே ஒரு சூலும்தான். அந்தச் சூலைத் தாங்கும் அடிப்பகுதி சதைப்பற்றோடு உப்பிச் சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகும். அதன் தலையில் பச்சை விதை உட்கார்ந்திருக்கும். பறவைக்குத் தேவை அந்தச் சிவப்புச் சதை. விதை அதோடு இலவசப் பயணம் போகும். பழம் இல்லாத மரம் பறவையை ஏய்க்காமலே பழத்தின் வேலையை முடித்துக்கொள்கிறது.

இதில் நான் அதிகம் வியப்பது மகரந்தம் சேரும் விதம். போடோகார்ப்பஸின் சூல் தலைகீழாக, வாய் கீழே பார்த்து நிற்கும். பருவம் வந்ததும் அந்த வாயில் ஒரு சொட்டு நீர் கசிந்து தொங்கும். பனித்துளி அளவுதான். சுற்றியுள்ள செதில் மேலெல்லாம் அந்தச் சொட்டு படர்ந்து, அங்கே காற்று கொண்டுவந்து போட்டிருக்கும் மகரந்தத்தை வாரிக்கொள்ளும். மகரந்தத் துகள் ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் காற்றுப் பைகள் உண்டு. பறப்பதற்காகத்தான் பை என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அந்தப் பையின் முக்கியமான வேலை சொட்டுக்குள் போன பிறகு தெரிகிறது: துகள் மிதந்து மேலே ஏறுகிறது. வாய் கீழே இருப்பதால் மேலே என்றால் உள்ளே. பிறகு சொட்டு உள்வாங்கப்படுகிறது. அதோடு மகரந்தமும் போய்விடுகிறது. நாள் முழுக்க ஈரம் சொட்டும் ஒரு காட்டில், காற்றையே நம்பி, ஒரு சொட்டு நீரை வைத்து இவ்வளவு கச்சிதமாக வேலை நடக்கிறது.

தமிழ்நாட்டில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இதே குடும்பத்தைச் சேர்ந்த நாகேயா வாலிச்சியானா, நரம்பாலி என்று சிலர் சொல்லும் மரம், அகத்தியமலை, ஆனைமலைப் பக்கம் சோலைக்காடுகளில் இருக்கிறது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலைக் குடும்பத்து மரம் அதுதான். கொடைக்கானல், ஊட்டிப் பைன்கள் எல்லாம் நட்டவை. அந்தப் பைன்களில் விதை உருவாவது ஆமை வேகத்தில். மகரந்தம் வந்து ஒட்டிய பிறகு கருவுற ஏறக்குறைய ஓர் ஆண்டு; விதை முற்றிக் கூம்பு விரிய இன்னும் காலம். கீழே உதிர்ந்து கிடக்கும் பைன் கூம்பை எடுத்தால், உங்கள் கையில் இருப்பது குறைந்தது இரண்டு ஆண்டு வேலை.

இனி சைகஸ். இந்த வாரக் கதையே அதுதான்.

அந்தமானிலும் நிக்கோபாரிலும் கடலோரக் காட்டின் விளிம்பிலும், சில இடங்களில் உள்காட்டிலும் நிற்கும். தூரத்தில் பார்த்தால் குட்டைப் பனை என்றோ பெரணி மரம் என்றோ தோன்றும். இரண்டும் இல்லை. பழைய நூல்கள் இதற்கு ‘சைகஸ் ரம்ஃபி’ என்று பெயர் எழுதின. அம்போன் தீவில் 17ஆம் நூற்றாண்டில் கண்பார்வை போன பிறகும் செடிகளைப் பற்றி எழுதி முடித்த ரம்ஃபியஸின் நினைவாக வைத்த பெயர். 21ஆம் நூற்றாண்டில் லிண்ட்ஸ்ட்ரோம், ஹில் இருவரும் இந்தியச் சைகஸ்களை ஒழுங்குபடுத்தியபோது, நிக்கோபாரில் இருப்பது இலங்கையிலும் இருக்கும் ‘சைகஸ் சைலானிகா’ என்று பிரித்தார்கள். நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியது 1970களில். செடி வழி உறவு அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. 2015இல் இன்னொரு கூத்து. கொல்கத்தாவை ஒட்டிய ஹவுரா தாவரவியல் பூங்காவில் நின்ற ஒரு சைகஸைப் பார்த்து, இது தனி இனம், அந்தமானைச் சேர்ந்தது என்று ஸ்ரீவஸ்தவா, லால் ஜி சிங் இருவரும் ‘சைகஸ் பிஎஸ்சன்னே’ என்று பெயர் கொடுத்தார்கள். பெயர்ச் சண்டை நடக்கட்டும். விதை உண்டாகும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

சைகஸிலும் ஆண் வேறு, பெண் வேறு. காய்க்காத பருவத்தில் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண் செடி பருவத்துக்கு வந்தால் தண்டின் உச்சியில் முழ நீளத்துக்கு ஒரு கூம்பு நிமிர்ந்து எழும்பும். ஆரஞ்சும் பழுப்புமாக, செதில் அடுக்கு. ஒவ்வொரு செதிலின் அடிப்பக்கமும் மகரந்தப் பைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று கொடுப்பது, நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சைகஸின் இந்தக் கூம்பைத்தான். கூம்பு வந்துவிட்டால் தண்டின் நுனி அதோடு முடிந்தது. பக்கத்தில் புது மொட்டு கிளம்பித்தான் செடி தொடர்ந்து வளர வேண்டும்.

பெண் செடியில் கூம்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. இலைகள் வரும் அதே உச்சியில், இலைகளுக்குப் பதிலாக, பழுப்பு வெல்வெட் பூசிய சாண் நீளத் தட்டைகள் வட்டமாக முளைக்கும். சூல் தாங்கும் இலைகள் அவை. அவற்றின் இரு விளிம்பிலும், காம்பை ஒட்டி, சில சூல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் இலையின் ஓரத்தில் விதை காய்ப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் உலகத்தில் சைகஸ் பேரினம் ஒன்றிடம்தான் போக வேண்டும். விதை கனத்ததும் அந்த இலைகள் சரிந்து பாவாடை போலத் தொங்கும். நடுவில் நுனி நிற்காமல் வளர்ந்து மறுபடி பச்சை இலைகளை விடும். ஒரு பெண் சைகஸின் தண்டைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் எத்தனை முறை காய்த்தது என்று தழும்புகளில் படித்துவிடலாம்.

ஆணிடமிருந்து பெண்ணுக்கு மகரந்தம் எப்படிப் போகிறது? காற்றில்தான் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதின. ஜப்பானின் யோனாகுனி தீவில் கோனோ, டோபே இருவரும் சைகஸ் ரெவல்யூட்டாவை வைத்துச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஆண் செடியிலிருந்து சுமார் 2 மீட்டருக்குள் இருக்கும் பெண் செடிக்கு மட்டுமே காற்று உதவும். அதற்கு அப்பால் வண்டுகள்தாம் கதி. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் மேக்ரோசாமியா என்ற சைகஸ் உறவினரிடம் ஐரீன் டெரி குழுவினர் கண்டது இன்னும் சுவாரசியம். ஆண் கூம்பு பகலில் தானாகவே சூடாகிறது. சுற்றியுள்ள காற்றைவிட 12 டிகிரி வரை கூடுதல். கூடவே தாங்க முடியாத நெடி. உள்ளே குடியிருந்து மகரந்தம் தின்ற இலைப்பேன்கள் உடம்பெல்லாம் மாவு அப்பியபடி வெளியே ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் நெடி தணிகிறது. இப்போது அதே வாசனை இதமாகி அவற்றை ஈர்க்கிறது; பெண் கூம்பிலிருந்தும் அதே இதமான வாசனை. அங்கே அவற்றுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. ஏமாந்து திரும்பும் முன் வேலை முடிந்துவிடுகிறது. பூவும் தேனும் பட்டாம்பூச்சியும் சேர்ந்த நாடகம் உலகில் அரங்கேறும் முன்பே, சூடும் நெடியுமாக ஒரு பழைய ஏற்பாடு இருந்திருக்கிறது.

மகரந்தம் சூலின் வாய்க்கு வந்தபின் போடோகார்ப்பஸில் பார்த்த அதே நீர்ச்சொட்டு. சொட்டு உள்ளே இழுக்க, மகரந்தம் சூலின் உள்ளறைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு குழலை விடுகிறது. பைனில் இந்தக் குழல்தான் ஆண் அணுவை முட்டை வரை கொண்டுபோய் விடும். சைகஸின் குழல் அந்த வேலையைச் செய்வதில்லை. அது சூலின் சதைக்குள் வேர் விட்டு உணவை உறிஞ்சி மகரந்தத்தைக் கொழுக்க வைக்கிறது. மூன்று நான்கு மாதம் இப்படிப் போகும். கடைசியில் மகரந்தத்தின் அடிப்பக்கம் வீங்கி வெடிக்கும். துளி திரவம் சிந்தும். அதில் இரண்டு விந்தணுக்கள் இறங்கி நீந்தும்.

ஆமாம், நீந்தும். வறண்ட மணலில் நிற்கும் செடியின் விதைக்குள், ஒரு துளி நீரில், பல்லாயிரம் மயிரிழைகளைச் சுருள் சுருளாகச் சுழற்றிக்கொண்டு. தாவர உலகத்திலேயே மிகப் பெரிய விந்தணுக்கள் சைகஸ் கூட்டத்துடையவை. பார்வை கூர்மையானவருக்கு லென்ஸ் இல்லாமலே புள்ளியாகத் தெரியும் அளவு. பாசியும் பெரணியும் நீரில் விந்தணுவை நீந்தவிட்ட காலத்தின் பழக்கம் இது. விதை உண்டாக்கக் கற்றுக்கொண்ட பிறகும் சைகஸ் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வெளியே தேடிக்கொண்டிருந்த குளத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டது.

இதை முதலில் கண்டவர்கள் இருவர், இருவரும் ஜப்பானியர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படம் வரைகிற வேலையில் சேர்ந்த ஹிராசே சாகுகோரோ, 1896இல் கிங்கோ மரத்தின் சூலுக்குள் நீந்தும் விந்தணுவைப் பார்த்தார். அதே ஆண்டு இக்கேனோ செய்ச்சிரோ சைகஸில் பார்த்தார். 1912இல் இருவருக்கும் சேர்த்து ஜப்பானிய அரசக் கழகத்தின் பரிசு கிடைத்தது. நம் பக்கத்தில் இதைத் தொடர்ந்து செய்தவர் பி.ஜி.எல். சுவாமி. கன்னட இலக்கிய வாசகர்களுக்கு அவர் எழுத்தாளர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தாவரவியல் பேராசிரியர், பிறகு முதல்வர். மைசூர்ப் பகுதிச் சைகஸின் வாழ்க்கை முழுவதையும் சீவி, சாயமேற்றி, வரைந்து 1948இல் கட்டுரையாக வெளியிட்டார். கர்நாடகத்தின் ஒரு சைகஸுக்கு இன்று ‘சைகஸ் சுவாமியி’ என்று பெயர்.

விதைக்குள் இருக்கும் உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காயில் பருப்பு எப்போது உண்டாகிறது? கருவுற்ற பிறகு. நெல்லிலும் அப்படியே. பூக்கும் தாவரங்கள் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவை. கரு உண்டு என்று உறுதியானால்தான் சாப்பாடு. சைகஸ் அப்படியில்லை. விந்தணு வருமோ வராதோ, அதற்கு முன்பே கோழிமுட்டை அளவு சூலை மாவுச்சத்தால் நிரப்பி வைத்துவிடுகிறது. மாப்பிள்ளை வீடு சம்மதம் சொல்லும் முன்பே பந்தல் போட்டுப் பந்தியும் விரித்த கதை. விளைவு, மகரந்தமே சேராத சூல்களும் பெருத்து, நிறம் மாறி, நல்ல விதையைப் போலவே தொங்கும். உடைத்தால் மாவு இருக்கும், முளை இருக்காது. ஒரு பெண் சைகஸ் நிறையக் காய்த்திருக்கிறது என்பதை வைத்து அது நலமாகப் பெருகுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பொய் விதையை எப்படிக் கழிப்பது? நாற்றங்கால்காரர்களுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. வாளித் தண்ணீரில் போட்டால் மூழ்குவது நல்லது, மிதப்பது பொக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சைகஸுக்கு இது சரியாக வரும். அந்தமான் நிக்கோபார்ச் சைகஸிடம் இந்தச் சோதனை செல்லாது. நல்ல விதையும் மிதக்கும். வெட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். வெளியே ஆரஞ்சுப் பழுப்புச் சதை; அதற்குள் கட்டை ஓடு; ஓட்டுக்கு உட்பக்கம் பஞ்சு போன்ற ஒரு படலம். மலைச் சைகஸ் விதையில் இந்தப் பஞ்சு கிடையாது. காற்றை அடைத்து வைத்திருக்கும் இந்தப் படலத்தால் விதை கடலில் மிதந்து ஊர் விட்டு ஊர் போகும். தேகானும் யுவென்னும் 1983இலேயே இதை விளக்கி எழுதினார்கள். தென்கிழக்காசியக் கரை முழுக்க இந்த மிதக்கும் விதைக் கூட்டம் பரவியிருப்பதும், மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் இவற்றின் நெருங்கிய உறவான ‘சைகஸ் தௌவார்சி’ நிற்பதும், நிக்கோபாருக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இலங்கைக்கும் ஒரே இனம் பொதுவாக இருப்பதும் இந்தப் பஞ்சின் புண்ணியம். செடியை விட்டு உதிரும்போது கரு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. பல மாதம் கழித்தே முளைக்கும். நாற்றங்காலில் எரிச்சல் தரும் இந்தத் தாமதம் கடல் பயணிக்கு வசதி.

ஆனால் ஒரு விதை கரை ஒதுங்கினால் ஒரு செடிதான். அது பெண் என்றால் ஆண் வேண்டும். இரண்டும் வந்தாலும் வண்டு விதையோடு பயணம் செய்வதில்லை. தனித்துப்போன செடிகள் தண்டின் பக்கத்தில் கன்று விட்டுக் காலம் தள்ளும். விதை மூலம் பெருக வேண்டும் என்றால் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில், பூச்சியும் அங்கேயே, பருவமும் ஒரே சமயத்தில் அமைய வேண்டும்.

அந்தமானில் சில வழிகாட்டிகள் இந்தச் செடியைக் காட்டி ‘டைனோசர் காலத்து மரம், சார்’ என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சைகஸ் வம்சம் டைனோசருக்கும் முந்தியது, உண்மை. ஆனால் இன்று உயிரோடிருக்கும் இனங்கள் பெரும்பாலும் சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளைத்தவை என்று நதாலி நாகலிங்கம் குழுவினர் 2011இல் மரபணு வழியாகக் காட்டினார்கள். டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டு ஆகிறது. நம் சைகஸ் பழைய குடும்பத்துப் புது தலைமுறை. ‘வாழும் புதைபடிவம்’ என்று மாலை போட்டு வைத்துவிட்டால், அது இன்றைக்குப் படும் பாட்டைப் பார்க்கத் தோன்றாது என்பது என் கவலை.

மனிதர்களும் சைகஸ் விதையைத் தின்றிருக்கிறார்கள். நிக்கோபாரில் தாழை இனப் பழம் முக்கிய உணவு. சைகஸ் விதையும் பக்குவப்படுத்தி உண்ணப்பட்டது. இலங்கையில் சிங்களர்கள் இதை மடு என்பார்கள், மாவாக்குவார்கள். வடகேரளத்தில் ஈந்து என்னும் சைகஸின் மாவில் பிடி செய்வார்கள். எல்லா ஊரிலும் பக்குவம் என்பது நாள் கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நஞ்சைக் கழுவி எடுப்பதுதான். பச்சை விதையில் சைகாசின் என்ற நஞ்சு இருக்கிறது, கல்லீரலைப் பாதிக்கும். கேரளத்தில் சாப்பிட்டேனே என்று யாரும் தோட்டத்துச் சைகஸ் விதையைச் சமைத்துப் பார்க்க வேண்டாம். நாயும் மாடும் தின்றாலும் ஆபத்து. இந்த நஞ்சையே ஆகாரமாக்கிக்கொண்ட ஒரு ஜீவன் உண்டு: பிளெயின்ஸ் கியூபிட் என்னும் சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழு. சைகஸ் தளிர் விட்டால் எங்கிருந்தோ வந்து முட்டையிடும். எறும்புகள் அந்தப் புழுவுக்குக் காவல் நிற்கும். சென்னை அடுக்குமாடி வாசலில் வைத்திருக்கும் தொட்டிச் சைகஸிலும் இதைப் பார்க்கலாம். தளிர் ஓட்டை ஓட்டையாக இருந்தால் மருந்தடிக்க ஓடாமல் இரண்டு நாள் பொறுத்திருந்து பாருங்கள்.

2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிக்கோபாரின் கடலோரக் காட்டைப் புரட்டிப் போட்டன. அலை வந்து போனது ஒரு பக்கம்; நிலமே தாழ்ந்தது மறு பக்கம். கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனையில் தரை 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போனதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கரையோரம் நின்ற மரங்கள் உப்பு நீரில் நின்றபடியே காய்ந்தன. மிதந்து போகத் தெரிந்த விதைக்கு வெள்ளம் புதிதல்ல. தாய்ச்செடி நிற்கும் மண் மூழ்கினால், நூறு ஆண்டு நிதானமாக வளரும் ஒரு செடிக்கு அதே இடத்தில் மீண்டும் தொடங்க வழியில்லை.

அடுத்தது மனித அலை. கிரேட் நிக்கோபாரில் கப்பல் மாற்று முனையம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் என்று வரும் திட்டத்துக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டை வேறு பயனுக்கு மாற்ற 2022இல் கொள்கை அளவில் ஒப்புதல் தரப்பட்டது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு இந்தத் தொடரின் பின்னொரு பகுதிக்கு. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஈடாகக் காடு வளர்க்க அரியானாவில் இடம் பார்த்தார்கள். அரியானாவில் நல்ல மரம் வளரும், மறுக்கவில்லை. உப்புக் காற்றும், ஆண்டு முழுக்க ஈரமும், கூம்புக்கு வரும் பூச்சியும், விதையை ஏந்திக்கொள்ளும் கடலும் சேர்ந்த இடத்தை அங்கே நட முடியாது. ஒரு மரத்துக்கு இத்தனை மரம் என்ற கணக்கு, ஆண்-பெண் தனித்தனியாக நிற்கும் தாவரங்களிடம் அர்த்தமிழந்துபோகிறது. பத்துப் பெண் சைகஸ் நிற்கும் மேட்டில் இருந்த ஒரே ஆண் செடியை வெட்டினால் பட்டியலில் குறைவது ஒன்று; நல்ல விதை நிற்பது பத்திலும். அந்தப் பத்தும் அதன் பிறகும் வருடா வருடம் காய்க்கும். பார்க்கிறவர் ‘எவ்வளவு விதை!’ என்பார்.

ஆகவே தீவுகளில் மரம் எண்ணுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சைகஸையும் போடோகார்ப்பஸையும் எண்ணும்போது தலைக்கணக்கு மட்டும் எழுதாதீர்கள். கூம்பு வரும் பருவத்தில் ஒரு முறை போய், ஆண் எத்தனை, பெண் எத்தனை, இரண்டுக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று மூன்று கட்டம் கூடுதலாக நிரப்புங்கள். சைகஸ் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. திருப்பதி, கடப்பை மலைகளின் சைகஸ் பெட்டோமி அதில் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. காட்டுச் செடியைத் தோண்டி விற்கிறவரிடம் வாங்காதீர்கள். வாசலில் வைக்கச் சைகஸ் வேண்டுமென்றால் நாற்றங்காலில் கன்றாக வளர்த்த ஜப்பானிய ரெவல்யூட்டா எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அடுத்த வாரம், கொடியாக ஏறிக்கொண்டே பூக்கும் தாவரமாக வேடம் போடும் நீட்டம்.

(தொடரும்)